சகின் அக்கா தன் வாடகை வீட்டில் தங்கிய நான்கு நாட்கள்

நரின் என்ற மலையூரின் வானிலை நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர் சகின் அக்கா. பனிக்காற்று முகத்தில் அறைந்தாலும் நேரம் தவறாமல் வெப்பமானிப் பெட்டியைத் திறந்து பார்த்து எழுதுவார். ஒரு டிகிரி கூட்டியோ குறைத்தோ எழுதினார் என்று அவர்மேல் ஒரு சொல் கிடையாது. ஓய்வு பெற்றபின் தன் வீட்டில் தனியாக இருந்தார். ஆற்றோரத் தெருவில் கணவர் விட்டுப்போன கீழ்த்தள ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டிருந்தார்.

அங்கே நான்கு வருடமாகக் குடியிருந்தவள் குந்துஸ், பள்ளிக்கூடச் சமையல்காரி. கணவன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். வீட்டில் அவளும் மாமனார் மாம்பெத்தும் மட்டும்தான்.

அந்த அக்டோபரில், அந்த ஃப்ளாட்டைச் சூடேற்றும் நிலக்கரி பாய்லர் அடியில் விரிசல் விட்டு ஒழுக ஆரம்பித்தது. வெல்டிங்காரர் ஒட்டுப்போட்டுவிட்டு, "ஒரு மாசம் தாங்கும், அதுக்குள்ள வேற பாத்துக்குங்க" என்று சொல்லிப் போனார்.

அக்காவின் தம்பி எமில்பெக்குக்குச் சந்தையில் பாய்லர் கடை. கேள்விப்பட்ட அன்றே வந்துவிட்டார்.

"நம்ம கடையிலயே ஒண்ணு நிக்குது அக்கா. யாக் மாடு கணக்கா இருக்கும். கரியப் போட்டா குமுறும். வாடகைக்காரங்களுக்கு இதுவே ஜாஸ்தி."

"அந்த வீடு இப்ப எப்படி இருக்குன்னு தெரியாம எப்படிடா வாங்குறது?"

"மாசாமாசம் போறியே, தெரியாதா?"

போய்க்கொண்டுதான் இருந்தார். மாதத்தின் முதல் ஞாயிறு மத்தியானம் போவார். வீடு கதகதவென்று இருக்கும். குந்துஸ் மாவுத்துண்டுகளைப் பொரித்து, தேநீர் ஊற்றிக் கொடுப்பாள். ஆனால் ஒரே நாள், ஒரே நேரம் பார்ப்பதை அளவு என்று நிலையத்தில் யாராவது ஒப்புக்கொள்வார்களா? அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

நவம்பர் முதல் வாரம், மூன்று வெப்பமானிகளும் படுக்கைச் சுருளுமாக ஃப்ளாட் வாசலில் போய் நின்றார்.

"நாலு நாள் இங்கதான் தங்கப்போறேன். நான் இருக்கேன்னு ஒரு துண்டு கரி கூடுதலா போடக்கூடாது, சொல்லிட்டேன்."

குந்துஸின் முகம் வெளிறிவிட்டது.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு அவள் கரி போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். பத்து மணிக்கெல்லாம் நெருப்பு அடங்கிவிட்டது. பன்னிரண்டு மணிக்குப் பெரியவரின் அறையில் பதினொரு டிகிரி. ஆட்டுத்தோல் கோட்டைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் ஐயா, நீங்களே ரெண்டு கரி போடக்கூடாதா?"

"வாளியத் தூக்கினா மூச்சு முட்டுதும்மா. தூசி நெஞ்சுல உக்காந்துக்குது. மலையில ஆட்டோட ஆடா படுத்த ஒடம்பு இது. இதெல்லாம் ஒரு குளிரா?" சொல்லி முடிக்குமுன் இருமல் வந்து ஆளையே மடக்கியது.

"அப்ப நான் வர்ற ஞாயித்துக்கிழம?"

"அன்னிக்கு மருமக காலையிலேருந்தே கரிய அள்ளிக் கொட்டுவா. எனக்கு மாசத்துல ஒரு நாள் கோடைகாலம்!" பெரியவர் சிரித்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் வந்த குந்துஸைக் கேட்டார். "ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"வேற எடம் பாத்துக்கன்னு சொல்லிட்டா? முன்ன இருந்த வீட்டுல அப்படித்தான்க்கா ஆச்சு."

அக்கா நோட்டை எடுத்தார். ஐந்து மணி, எட்டு டிகிரி என்று எழுதிக்கொண்டார். எழுதும்போது வெட்கத்தில் காது சுட்டது.

நான்கு நாளில் ஒன்று தெளிவாயிற்று. கரி பாய்லர் எவ்வளவு பெரிதானாலும் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். அடுத்ததாக, வெளிக்காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சும் இயந்திரம் விற்கும் ஒருவரைப் போய்ப் பார்த்தார்.

"மைனஸ் பதினஞ்சு வரைக்கும் அருமையா ஓடும் மேடம்."

"அதுக்குக் கீழ போனா?"

"அவ்வளவு குளிர் எத்தன நாள் வந்துடப்போகுது?"

"போன ஜனவரியில பத்தொன்பது நாள். அதுக்கு முந்தின வருஷம் இருபத்திமூணு. தேதி சொல்லவா?"

அவர் விளக்கத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது கரண்ட் பாய்லர். அக்கா குந்துஸைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "நீ என்ன சொல்ற?"

"வீடு உங்களுதுக்கா. நான் என்னத்தச் சொல்ல?"

"குளிர் யாரோடது?"

குந்துஸ் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "கரண்ட் இருந்தா மாமாவுக்குத் தூசி இல்ல. ஆனா ஜனவரியில கரண்ட் போகுமே. அடுக்களையில சின்னதா ஒரு விறகடுப்பு இருந்தா, அந்தச் சுவரோட சூடே அவரு ரூமுக்குப் போதும். விறகுல தூசி இல்ல, ரெண்டு துண்டு அவரே போட்டுக்குவாரு."

அதுவே முடிவாயிற்று. தடித்த கம்பி இழுக்க அனுமதி கேட்டு அக்கா மின்சார அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தார். வாடகை அதேதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தம்பிதான் முறுக்கிக்கொண்டார்.

"சொந்தத் தம்பி கடை கண்ணுக்குத் தெரியல, இல்ல?"

"உன் பாய்லர் நல்ல பாய்லர்டா. கூடவே ஆள் வச்சு விக்கிறியா?"

எமில்பெக் முணுமுணுத்தார். ஆனாலும் குழாய் வேலை முழுவதையும் அவரே வந்து செய்து கொடுத்தார்.

ஜனவரியில் குளிர் மைனஸ் முப்பத்தொன்றுக்கு இறங்கி, இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் போனபோதும் விறகடுப்பின் சூட்டில் பெரியவரின் அறை பதினாறு டிகிரியில் நின்றது. இருமல் முற்றிலும் விடவில்லை, ஆனாலும் இப்போது அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறார்.

பிப்ரவரியில் ஒரு நாள் குந்துஸ் அக்காவின் வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே அவள் வந்தது அதுதான் முதல் தடவை. தயங்கித் தயங்கி, கொஞ்சம் அதட்டலாகவே சொன்னாள். "அக்கா, தெருப்பக்கத்து ஜன்னல்ல காத்து உள்ள வருது. நீங்க வந்து பாத்தே ஆகணும்."

"வர்றேன், வர்றேன். மொதல்ல உள்ள வந்து உக்காரு" என்றார் அக்கா, முகமெல்லாம் சிரிப்பாக.