எசெக்ஸைப் பார்க்காத உருத்திரமூர்த்தி

உருத்திரமூர்த்தி இங்கிலாந்தில் கால் வைத்ததில்லை. ஆனாலும் அங்கே எசெக்ஸ் என்று ஒரு மாவட்டம் இருப்பதை சுவிட்சர்லாந்தின் லாங்கன்தால் ஊர்த் தமிழருக்குச் சொன்னவர் அவர்தான். உலகத்திலேயே நீளமான உல்லாசப் பாலம் அந்த மாவட்டத்துக் கடலுக்குள் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது என்பார். அந்த நாட்டில் மழை குறைந்த இடங்களில் ஒன்றும் அங்கேதான் என்பார். எதையும் அவர் புத்தகத்தில் படித்ததில்லை. எல்லாம் தொலைபேசியில் கேட்டது. சொன்னவன் தம்பி தவராஜா. வருடம் 1987.

மூர்த்தி அப்போது ஒரு தொழிற்சாலைக் கன்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஊரில் தண்ணீர்ப் பம்பு திருத்தியவர். மனைவி ஞானேஸ்வரியும் நாலு வயது மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அவருடைய அகதி விண்ணப்பம் ஒருமுறை மறுக்கப்பட்டு மேன்முறையீட்டில் கிடந்தது. தமிழரைத் திருப்பி அனுப்புவது பற்றிப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. வீட்டு மணி அடித்தால் கதவைத் திறக்குமுன் ஜன்னலால் கீழே பார்ப்பார்கள்.

அதனால்தான், சுவிசுக்கு வரட்டுமா என்று தம்பி கேட்டபோது மூர்த்தி வேண்டாம் என்றார்.

"இஞ்சை எப்ப பிடிச்சுப் பிளேனிலை ஏத்துவாங்கள் எண்டு தெரியாது. உனக்கு இங்கிலிஷ் வரும். நீ லண்டனுக்குப் போ."

தவராஜா போனான். விமான நிலையத்தில் இறங்கியவனை ஊருக்குள் விடவில்லை. எசெக்ஸில் ஹாரிச் என்ற துறைமுகம். அங்கே கார் ஏற்றித் திரிந்த பழைய கப்பல் ஒன்றைக் கட்டி வைத்து, அதில் தமிழரை அடைத்திருந்தார்கள். அவனையும் அங்கே கொண்டுபோனார்கள். வழக்கு முடியும்வரை கப்பல். முடிந்தபின் ஒன்றில் கரை, இல்லாவிட்டால் கொழும்பு விமானம்.

"நான் அனுப்பினது" என்று மூர்த்தி மேல்மாடிக் குணசேகரத்திடம் ஒருமுறை சொன்னார். தம்பி அந்த விமானத்தில் ஏறக்கூடாது. அந்த வருடம் அவர் கும்பிட்டதெல்லாம் இதற்குத்தான்.

கட்டடத்தில் தொலைபேசி வைத்திருந்த தமிழ்க் குடும்பம் குணசேகரத்துடையது மட்டும். ஞாயிறு மத்தியானம் தவராஜா கப்பலிலிருந்து எடுப்பான். பாதிரியார் ஒருவரின் மனைவி கப்பலுக்கு வந்து போவாராம். சில்லறைக் காசும், எசெக்ஸைப் பற்றிய சுற்றுலாக் கையேடு ஒன்றும் கொடுத்திருந்தாராம்.

"எப்பிடி இருக்கிறாய்?"

"இருக்கிறன் அண்ணை. உங்களுக்குத் தெரியுமோ, இந்த இடத்திலை ஒரு ஊர் இருக்கு, டன்மோ எண்டு. கலியாணம் கட்டி ஒரு வருசமும் ஒரு நாளும் சண்டை பிடிக்காத புருசன் பெண்சாதிக்கு அரைப் பண்டி இறைச்சி குடுப்பாங்களாம். நீதிபதி வைச்சு விசாரிச்சுத்தான் குடுக்கிறது."

மூர்த்தி அதை அப்படியே திருப்பிச் சொன்னார். குணசேகரத்தின் மனைவி பத்மினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எங்களுக்கு வாலும் தரமாட்டாங்கள்."

"நீர் வாயை மூடினால் தருவாங்கள்" என்றார் குணசேகரம்.

"பாத்தீங்களோ மூர்த்தி அண்ணை, இப்பவே வழக்குத் தோத்துப் போச்சு."

மூர்த்தியும் சிரித்தார். தம்பி பகிடி விடுகிறான் என்றால் பரவாயில்லை என்று நினைத்தார்.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் செய்திகள் வந்தன. நீளப் பாலத்தை முந்தின வருடம் ஒரு கப்பல் இடித்து ஊடறுத்துப் போனதாம். கொல்செஸ்டர் என்ற ஊர்தான் பிரிட்டனின் எழுத்தில் பதிந்த மிகப் பழைய ஊராம். பிறகு கதைகளின் நிறம் மாறியது. ஹாரிச்சுக்குப் பக்கத்தில் மானிங்ட்ரீ என்று ஒரு சின்ன ஊர். முந்நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன் சூனியக்காரிகளைப் பிடிக்கும் ஒருவன் அங்கே இருந்தானாம். பிடித்த பெண்களை நித்திரை கொள்ளவிடாமல் இரவு பகலாக நடக்க வைப்பானாம். கடைசியில் அவர்கள் எதையும் ஒப்புக்கொள்வார்களாம்.

ஹாரிச்சில் ஒரு பழைய மரப் பாரந்தூக்கி இருந்தது. பெரிய சக்கரங்களுக்குள் ஆட்கள் நடந்தே பாரம் தூக்க வேண்டும். அதற்குத் தடுப்புக்கட்டை கிடையாது. பம்பு வேலை தெரிந்த மூர்த்திக்கு அது உடனே விளங்கியது. பாரம் வழுக்கினால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுழலும். உள்ளே நிற்பவன் வெளியே வர முடியாது.

இன்னொரு ஞாயிறு இரண்டு வெளிச்சவீடுகளின் கதை வந்தது. இரண்டு விளக்கும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தால் கப்பலுக்கு வழி சரி. பிறகு கடலடி மணல் இடம்மாறிவிட்டது. விளக்குகள் மாறவில்லை. வழிகெடுக்கும் விளக்குகள் என்று அவற்றுக்குப் பேர் வந்துவிட்டது.

அன்று தொலைபேசியை வைத்தபின் பத்மினி சொன்னாள், "அண்ணை, நீங்கள் ஒண்டைக் கவனிச்சனீங்களோ? சாப்பிட்டியோ எண்டு நீங்கள் கேக்கிற நேரமெல்லாம் அவர் எசெக்ஸ் கதை எடுக்கிறார்."

மூர்த்தி யோசித்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. குரலும் கிழமைக்குக் கிழமை மெலிந்து வந்திருந்தது. தொலைபேசிக் கோடு சரியில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு மூர்த்தி வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"தவம், நீ சாப்பிடுறேல்லைத்தானே?"

தொலைபேசி இரைந்தது.

"கொஞ்சப் பேர் இருக்கிறம் அண்ணை. தண்ணி குடிக்கிறம். கரையிலை இறக்கிற வரைக்கும் சாப்பிடுறேல்லை எண்டு முடிவு."

"விசரோ உனக்கு? கரைச்சல் குடுத்தால் உன்னைத்தான் முதல் ஏத்துவாங்கள்."

"ஏத்துறதெண்டால் சாப்பிட்டாலும் ஏத்துவாங்கள்."

"கரைச்சல் குடுக்காத ஆளை ஒருத்தரும் தொடமாட்டாங்கள். நான் இஞ்சை எத்தினை வருசமா இருக்கிறன்?"

"நீங்கள் கரையிலை இருக்கிறீங்கள் அண்ணை."

காசு முடிந்து கோடு அறுந்தது.

மூர்த்தி அந்த நம்பிக்கையில்தான் வாழ்ந்தார். ஆளில்லாத தெருவிலும் பச்சை விளக்கு எரிந்தபிறகே கடப்பார். அனுமதி கேட்காமல் கன்டோன் என்ற மாகாணத்தின் எல்லையைத் தாண்டமாட்டார். கூப்பிட்ட இடத்துக்குக் கூப்பிட்ட நேரத்துக்குப் போவார். அதுவரை அவரை ஒருவரும் தொடவில்லை. இப்போது கன்டீனில் எறியப்போகும் சோற்றைத் தட்டுகளிலிருந்து வழிக்கும்போது கை நின்று நின்று போனது.

ஐப்பசி பிறந்தது. யாழ்ப்பாணத்துக்குள் இந்திய இராணுவம் சண்டை தொடங்கியதாகச் செய்தி வந்தது. ஞானேஸ்வரியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. வழக்குத் தோற்றால் அந்த ஊருக்குத்தான் தம்பியை அனுப்பப்போகிறார்கள்.

அந்தக் கிழமை வெள்ளி காலை. கன்டீன் சமையல்காரர் வால்டர் வானொலியைக் கூட்டி வைத்தார். இங்கிலாந்தின் தென்கிழக்கில் பெரும் புயல் என்றார். மரங்கள், கூரைகள், இறந்தவர்கள். மூர்த்தி ஈரக் கையோடு வந்து நின்றார்.

"ஹாரிச்?"

வால்டருக்கு அப்படி ஓர் ஊரே தெரியாது.

மூர்த்திக்குத் தெரிந்தது. துறைமுகம் எந்தப் பக்கம், எதிரே மணல்திட்டு எப்படி, காற்று எந்த வழியால் வரும் என்பதெல்லாம் இப்போது வேண்டாத அளவுக்குத் தெரிந்தது. தம்பி முன்பு தந்திருந்த, பாதிரியாரின் மனைவி வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைச் சுழற்றிப் பார்த்தார்கள். மணியே அடிக்கவில்லை. ஞாயிறு வந்தது. தொலைபேசிக்குப் பக்கத்தில் மூவரும் இருந்தார்கள். பத்மினி சோறு போட்டுக் கொடுத்தாள். மூர்த்தி சோற்றுக் கோப்பையை மடியிலேயே வைத்திருந்தார்.

"கம்பி அறுந்திருக்கும் அண்ணை. வேறை ஒண்டுமிராது."

"ஓம்" என்றார்.

வாரத்தின் நடுவில் அழைப்பு வந்தது. மேலே வாங்கோ என்று பத்மினி படியில் நின்று கூப்பிட்டாள்.

"அண்ணை, கப்பல் கயிறு அறுத்துக்கொண்டு போச்சு. இருட்டுக்குள்ளை எங்கை போகுதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு எழும்பி நிக்கவும் ஏலாது. பக்கத்துக் கட்டில்காரன் தான் உடுத்திருந்த சாரத்தாலை என்னைக் கட்டிலோடை சேத்துக் கட்டினவன். பிறகு மணலிலை ஏறி நிண்டிட்டுது."

"இப்ப எங்கை நிக்கிறாய்?"

"லண்டனிலை. எல்லாரையும் இறக்கி விட்டிட்டாங்கள். வைக்கிறதுக்குக் கப்பல் இல்லையெல்லோ."

மூர்த்தி சுவரில் சாய்ந்தார். பத்மினி கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி வைக்கப் போனாள்.

"ஆனால் தற்காலிகமாத்தான் விட்டது அண்ணை. கிழமைக்கு ஒருக்கால் போய்க் கையெழுத்து வைக்க வேணும். இஞ்சை பெடியள் போகாதை எண்டுறாங்கள். ஒளிச்சிரு, கடையிலை வேலை இருக்கு, படுக்கவும் இடம் தாறம் எண்டுறாங்கள். நான் என்ன செய்ய?"

காதை நெருக்கி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த குணசேகரம் கையை ஆட்டினார். ஒளிக்கச் சொல்லும் என்று வாயசைத்தார். அடுப்படி வாசலில் பத்மினியும் தலையாட்டினாள்.

மூர்த்தி அவர்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். ஒளித்தால் ஒருநாள் பிடிபடுவான். பிடிபட்டால் விசாரணையே இல்லை. ஒழுங்காகப் போய் வந்தால் வழக்கு நிற்கும்.

"போ. நேரத்துக்குப் போ. நல்ல சேட் ஒண்டு போட்டுக்கொண்டு போ."

தம்பி சொன்னான், "சரி அண்ணை."

லண்டனுக்குப் போ என்றபோதும் அவன் இப்படித்தான் சரி என்றிருந்தான்.

மாரி முழுக்கத் தவராஜா கையெழுத்து வைத்தான். ஞாயிறுகளில் குளிரைப் பற்றிக் கதைத்தான். உடம்பு தேறிவிட்டது என்றான். மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு வேறொரு குரல் வந்தது. தவராஜாவோடு அறையில் இருந்த பெடியன்.

"மூர்த்தி அண்ணையோ? தவம் அண்ணை கையெழுத்து வைக்கப் போனவர். உள்ளை வைச்சிட்டாங்கள். நேற்று ஏத்திப்போட்டாங்கள்."

கொழும்புக்குப் பக்கத்தில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியது தெரியும். வவுனியா பஸ்ஸில் ஏறியதைக் கண்டவர்கள் இருந்தார்கள். தம்பி வீட்டுக்கு வரவில்லை என்று ஞானேஸ்வரி பங்குனியில் எழுதினாள். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் எவரும் இல்லை.

சித்திரையில் மூர்த்தியைப் பேர்ன் நகரத்து அகதி அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். காரணம் சொல்லவில்லை.

"போகாதையும்" என்றார் குணசேகரம். "ஷாஃப்ஹவுசனிலை என்ரை மச்சான் நிக்கிறார். ஜெர்மன் எல்லை பக்கத்திலைதான். கொஞ்ச நாள் அங்கை நில்லும்."

மூர்த்தி கண்ணாடிக்கு முன் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார்.

"தம்பியைப் போகச் சொன்னது நான். நான் ஒளிச்சால், பிறகு நான் ஆர்?"

குணசேகரமும் கூடவே போனார். மூர்த்தியை உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வர நெடுநேரம் ஆகவில்லை. கையில் ஒரு காகிதம். நடைவழி வாங்குப் பலகையில் வந்து இருந்தார், எழும்பவில்லை. குணசேகரம் காகிதத்தை வாங்கி ஜெர்மன் சொற்களை எழுத்துக் கூட்டி வாசித்தார். இரண்டாம் தரம் வாசித்தபோதுதான் விளங்கியது.

"மூர்த்தி, உமக்கு நிக்க விசா தந்திருக்கிறாங்கள். ஞானேஸ்வரியையும் பிள்ளையையும் எடுக்கலாமாம்."

"ஓம். சொன்னவங்கள்."

"பிறகென்ன காணும்?"

"ஏன் தந்ததெண்டு கேட்டனான்" என்றார் மூர்த்தி. "ஒரு நாளும் பிந்தாமல் வந்ததாலையாம்."

குணசேகரம் காகிதத்தை நாலாக மடித்து நீட்டினார். மூர்த்தி கை நீட்டவில்லை.

"நீர் வைச்சிரும்."

லாங்கன்தால் வரும்வரை அது குணசேகரத்தின் சேட்டுப் பையிலேயே இருந்தது.