காரியதரிசியின் காலடியில் பந்து

ஆட்டம் தொடங்கும் முன், மைதானத்தின் நடுவில் பந்தின் மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டுதான் எங்கள் கிளப்பின் காரியதரிசி பேசுவார். செருப்பைக்கூடக் கழற்றமாட்டார். எதிரணி வெயிலில் காயும், நடுவர் கடிகாரத்தைப் பார்ப்பார், சமஸ்தானத்தை இவர் எதிர்த்த கதை மட்டும் முடியவே முடியாது. அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கதை பொய்யில்லை. அந்தக் காலத்தில் கூட்டம் போடத் தடை, பந்தாடத் தடையில்லை. புதுக்கோட்டையை இந்தியாவோடு சேர்க்கச் சொன்ன இளைஞர்கள் ஒரு பந்தை வாங்கி வைத்துக்கொண்டு, இடைவேளையில் வட்டமாக உட்கார்ந்து அரசியல் பேசினார்கள். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இணைந்தது. தடை போயிற்று, பேச்சு போகவில்லை. அவர்கள் கட்சி ஆளுங்கட்சியானதும் பஸ் முதலாளி ஒருவர் புரவலராக வந்து சேர்ந்தார். அணியில் இடம் கிடைத்தால் அவருடைய பஸ்ஸில் கண்டக்டர் வேலை. இடம் போனால் தோள்பையைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டியதுதான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு நான் வலது ஓரத்தில் ஆடும் ரைட் அவுட்டாகச் சேர்ந்து, பொன்னமராவதி வண்டியில் ஏறினேன். எங்கள் கோல்கீப்பருக்கு விராலிமலை வண்டி.

அந்தக் கோல்கீப்பரின் தங்கை கல்யாணத்தில் புரோகிதர் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் எதிர்க்கட்சிப் பேச்சாளர் ஒருவரைத் தலைமைக்கு அழைத்திருந்தார்கள். அழைப்பிதழில் மணமக்களைவிடப் பேச்சாளர் பெயர்தான் பெரிதாக இருந்தது. அதை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு காரியதரிசி மைதானத்துக்கே வந்துவிட்டார்.

“இது கல்யாணமா, அவனுங்க மாநாடாப்பா?”

“மாப்பிள்ளை வீட்டு ஏற்பாடுண்ணே. நான் பந்தியில எலை போட்டேன், அம்புட்டுத்தான்.”

“ஒரே ஆளு ரெண்டு பக்கமும் கோல் காக்க முடியுமா?”

“அரைநேரம் ஆனா எல்லாரும் பக்கம் மாறத்தானண்ணே செய்யுறோம்?”

சிரித்துவிட்டோம். அதுதான் வினையாகிவிட்டது. பழைய கூட்டங்களின் வழக்கப்படி காரியதரிசி உடனே ஓட்டெடுப்புக்கு விட்டார்.

“இவன் வேணாங்கறவுக கையத் தூக்குங்க!”

ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். முதலில் கையைத் தூக்கியவனும் நான்தான். மறுநாள் விராலிமலை வண்டியில் வேறு கண்டக்டர்.

மூன்று வருஷத்தில் ஆட்சி மாறியது. அந்த வாரமே காரியதரிசியும் கட்சி மாறினார். துண்டின் கரை மட்டும் வேறு, பந்தின் மேல் அதே கால், அதே பேச்சு. பஸ் முதலாளியும் அவர் பின்னாலேயே போனார். இப்போது கோல்கீப்பரின் அந்த அழைப்பிதழ் காரியதரிசிக்குத் தகுதிப் பத்திரமாகத் தெரிந்தது. “நம்ம ஆளப்பா அவன். போய்க் கூட்டிக்கிட்டு வா” என்று என்னை அனுப்பினார்.

கட்டுமாவடியில் மீன்கூடைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார் கோல்கீப்பர். விரல்களெல்லாம் ஐஸில் வெளுத்துப்போயிருந்தன. வேலையும் இடமும் திரும்பக் கிடைக்கும் என்றேன். கூடையை இறக்காமலே கேட்டார்:

“இப்ப கோல்ல நிக்கிற பையன் என்ன ஆவான் தம்பி?”

நான் குனிந்து அடுத்த கூடைக்குக் கை கொடுத்தேன்.

“அவனுக்கும் கை தூக்கியாச்சா?”

காலையில் தூக்கிவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தேன்.