புழு இல்லாத தட்டு

1. நேசனின் கேள்வி

“அன்ரி, புனிதம் அன்ரியின்ரை தட்டிலை பதினெட்டுப் புழு. உங்கடை தட்டிலை ஒண்டுமில்லை. உங்களுக்கு வாற மீன் மட்டும் குளிச்சிட்டு வருதோ?”

கேட்டவர் நேசன். கனடாவில் வெக்ஸ்போர்ட் பக்கம் நான் வேலை செய்த மீன் பக்ரறியில் அவர்தான் எங்களுக்கு லீட் ஹாண்ட், எங்கள் வேலையை மேற்பார்க்கிறவர்.

“இருந்தால் எடுப்பன் தம்பி. இல்லாத புழுவை நான் பெறுறதோ?” என்றேன்.

பெண்கள் சிரித்தார்கள். நேசன் சிரிக்கவில்லை.

“இந்த மாதம் முடியுமட்டும் பாப்பன். பிறகு நீங்கள் வீட்டிலை நிக்கலாம்.”

எங்கள் வேலை லைற் ரேபிளில். கண்ணாடி மேசைக்குக் கீழே விளக்கு எரியும். மீன் துண்டை மேலே வைத்தால் சதைக்குள் இருக்கும் புழு நிழலாகத் தெரியும். அதைச் சாவணத்தால் இழுத்து எஃகுத் தட்டில் போடவேண்டும். வேலை முடிய நேசன் வந்து தட்டில் கிடப்பதை எண்ணுவார்.

எழுத்து எனக்குக் கொஞ்சம்தான் வரும். கண் பழுதில்லை. என் மேசையைத் தாண்டி ஒரு புழு போனதில்லை. இதைப் பெருமைக்காகவே சொல்கிறேன்.

2. நானும் நம்பவில்லை

கனடாவின் கிழக்குக் கரையில் கொட் மீன் பிடிக்கத் தடை வந்தபிறகு எங்களுக்கு ஐஸ்லாந்துப் பெட்டிகள் வரத் தொடங்கின. அந்த மீனில் எனக்கும் சந்தேகம்தான். கடல் மீனில் புழு இல்லாமல் இருக்குமா? ஏதோ மருந்து ஊற்றுகிறார்கள் என்று முகர்ந்து பார்த்தேன். கடல் மணம்தான் வந்தது. அதுவும் சந்தேகமாக இருந்தது.

நேசன் அந்தத் தீவைப் பற்றிச் சொன்னதையும் நான் நம்பவில்லை. மரம் குறைவாம். தானியம் பெரிதாக விளையாதாம். நெருப்பு மலைகளாம். நிலத்துக்குள் இருந்து வரும் சுடுநீரால் வீடுகளைச் சூடாக்குவார்களாம்.

“ஐஸ் எண்டு பேரை வைச்சிட்டுச் சுடுதண்ணியோ?” என்று கேட்டேன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேசைப் புனிதம் என்னிடம் வந்து ஈரக் கடதாசி ஒன்றை விரித்தாள். வேறு மீன் வந்த நாட்களில் எடுத்துச் சேர்த்த புழுக்கள் உள்ளே கிடந்தன.

“உதிலை கொஞ்சம் தரட்டே அக்கா? அவன் எண்ணிக்கையைத்தான் பாக்கிறவன். எந்த மீன்ரை எண்டு கேக்கிறேல்லை.”

“செத்த புழுவை இரவல் வாங்கி வேலை செய்யிற நிலைமை எனக்கு இன்னும் வரேல்லை.”

“அப்ப மாதம் முடிய வீட்டை போங்கோ.”

அவளுடைய மகள் கொழும்பில் நின்றாள். அவளை இங்கே கூப்பிடுகிற ஸ்பொன்சர் அலுவல் அரைவாசியில் இருந்தது. இவளுக்கு வேலை போனால் அதுவும் நின்றுவிடும். அதனால் நான் யாரிடமும் சொல்லவில்லை.

3. குட்ரூன் வந்த வெள்ளிக்கிழமை

மீனில் புழு இருக்கிறது என்று எங்கள் மனேஜர் ஐஸ்லாந்துக்கு முறையிட்டிருந்தார். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, மீன் அனுப்பிய கொம்பனியிலிருந்து குட்ரூன் என்ற பெண் அதைப் பார்க்க வந்தார். அவர் சொன்னதை நேசன் எங்களுக்குச் சொன்னார்.

“இவவின்ரை ஊரிலை சில நூறு சனம்தானாம். எல்லாருக்கும் மீன்தான் சீவியம். அங்கையும் இப்பிடி மேசை இருக்காம், புழுவை எடுத்துப்போட்டுத்தான் அனுப்புறவையாம், இவவின்ரை அம்மாவும் அதிலைதான் நிக்கிறாவாம். நாங்கள் மீனைத் திருப்பினால் அந்த மேசையை மூடிப்போடுவினமாம்.”

குட்ரூன் எங்களில் ஒருவரையும் நம்பவில்லை. புதுப் பெட்டி ஒன்றை உடைப்பித்து, எனக்கும் புனிதத்துக்கும் பாதி பாதியாகத் தந்துவிட்டுப் பின்னால் நின்றார். முழுப் பெட்டியும் பார்த்து முடித்தோம். என் தட்டில் ஒன்றுமில்லை. புனிதத்தின் தட்டிலும் ஒன்றுமில்லை.

புனிதத்தின் தட்டிலிருந்து முன்பு எடுத்த புழுக்களை மனேஜர் சான்றுக்காக வைத்திருந்தார். குட்ரூன் அதில் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். காய்ந்து கறுத்திருந்தது. இது எந்த மீனில் வந்தது என்று கேட்டார்.

நேசன் புனிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அன்ரி, நீங்கள் ஏதும் கண்டனீங்களோ?”

புனிதம் சாவணத்தை மேசையில் வைத்தாள். நான் பேசாமல் இருந்தால் அங்கே ஒரு தாயின் மேசை மூடப்படும். பேசினால் இங்கே ஒரு தாயின் வேலை போகும்.

“இந்த மீனிலை புழு இல்லை தம்பி. நீர் தட்டை எண்ணுறீர், அதாலைதான் தட்டுக்குப் புழு வருது. எண்ணுறதை விடும், எல்லாம் நிக்கும்.”

நேசனின் முகம் கறுத்தது. அதில் எவ்வளவை ஆங்கிலத்தில் சொன்னாரோ தெரியாது. குட்ரூன் என்னைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த புழுவைக் கீழே வைத்தார். மீனை யாரும் திருப்பவில்லை.

அடுத்த கிழமை எண்ணுவது நின்றது. நாங்கள் பார்த்து முடித்த மீனில் நாலைந்தை எடுத்து நேசன் தானே மறுபடி வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கினார். என்னையும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை, புனிதத்தையும் நிறுத்தவில்லை. ஆனால் புனிதம் ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. அவளைப் பாதி காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்தாள். அது பொய்யும் இல்லை.

புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். மேலே நிற்பவர் எதை எண்ணுகிறாரோ, அதை ஆட்கள் எங்கிருந்தாவது கொண்டுவந்து போடுவார்கள். நிறைந்த தட்டைக் கண்டால்தான் எனக்கு இன்றைக்கும் முதலில் சந்தேகம் வரும்.