போர்ட்டிகோவுக்கு ஒரு சல்யூட்

டெல்லியில் முன்னாள் ராணுவத்தினருக்கான அந்த ஆஸ்பத்திரி வெள்ளைக்காரன் கட்டியது. முன்பக்கம் கொழுத்த தூண்களும் வளைவுகளும், கார் நுழையும்படி பெரிய போர்ட்டிகோவும், அதெல்லாம் ஆபீசர்களுக்கு. ஜவான்களுக்குப் பின்பக்கம் தகரக் கூரை, ஒற்றைக் கதவு. காய்ச்சலுக்குக்கூட ரேங்க் பார்த்த கட்டடம். வெள்ளைக்காரன் போய்விட்டான், 'ஆபீசர்கள் மட்டும்' போர்டு போகவில்லை. போன வருஷம் வெள்ளையடிக்கும்போதுதான் அதைக் கழற்றினார்கள்.

மாமனாருக்கு மாத்திரை வாங்க கிட்வாய் நகரிலிருந்து நான் மாதாமாதம் அங்கே போவேன். அப்படித்தான் அந்த ரிட்டயர்டு ஹவில்தாரைப் பார்த்தேன். மே மாத வெயிலில் பிளேஸர், முறுக்கிய மீசை, கையில் தடி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கட்டடத்தைச் சுற்றிப் பின்வாசலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ஐயா, முன்னாடியே போகலாமே. போர்டை எடுத்துட்டாங்க."

"போர்டைத்தான தம்பி எடுத்தாங்க? ஆபீசர எடுக்கலையே!"

"அவங்கல்லாம் புது ஏசி பில்டிங்குக்குப் போயிட்டாங்க. இங்க ஒருத்தரும் வர்றதில்ல."

"அச்சா?" என்றார். கொஞ்சம் யோசித்தார். பிறகு காலி போர்ட்டிகோவைப் பார்த்து விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்துவிட்டு, வெயிலிலேயே சுற்றிக்கொண்டு போனார். அதற்கப்புறம் பார்த்த ஒவ்வொரு முறையும் இதேதான்.

முதல் முறை பார்த்த அன்று போர்ட்டிகோவின் குளிர்ந்த தரையில் தெருநாய் ஒன்று படுத்திருந்தது. சல்யூட்டுக்கு ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அவருடைய சர்வீஸில் எந்த ஆபீசராவது அந்த அளவுக்காவது அவரைப் பார்த்திருப்பாரா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான்.