குழாயடிக் கல்

காலையில் சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்ததும் ஈரமண்ணும் இரும்பும் கலந்த வாசனை வந்தது. கத்தியை வைத்தால் படியவில்லை. எப்போதும் நடுவிலேயே தேய்த்துத் தேய்த்துக் கல்லைக் குழியாக்கி வைத்திருக்கிறேன்.

ராஜபாளையத்தில் மில்லுக்குப் பின்னால் நாங்கள் இருந்த காம்பவுண்டு வீடுகள் இப்போது இல்லை. அங்கே குடோன் கட்டிவிட்டார்கள். அன்று அங்கே குழாயடியில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு கல் கிடந்தது. சாயங்காலம் மில் சங்கு ஊதியதும் பெண்கள் குடத்தைக் குழாய்க்கடியில் வைத்துவிட்டு, அது நிறைவதற்குள் கல்லின் நடுவில் கத்தியைச் சரக் சரக்கென்று இழுத்தபடி ஊர்க்கதை பேசுவார்கள். கடைசி வீட்டு மேரி அத்தை மட்டும் ஓரங்களில்தான் தேய்ப்பார். தேய்த்து முடித்ததும் இன்னொரு கல்லை அதன்மேல் வைத்து, சாம்பல்நிறச் சேறு கசியக் கசிய, மேடுபள்ளம் இல்லாதபடி வட்டமாக அரைத்துக் கழுவிவிட்டுப் போவார். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே நிற்கத் தோன்றும்.

“ஏம்மா, அவிய மட்டும் ஓரத்துல தேய்க்காக?”

“நம்ம கத்தி பட்ட இடம் அவியளுக்கு ஆகாது போல. நீ வாட்டி இங்க,” என்றாள் அம்மா. காம்பவுண்டில் எல்லோருக்கும் அதே எண்ணம்தான். அத்தை வந்தால் பேச்சு நின்றுவிடும்.

அத்தை வீட்டைக் காலிசெய்துகொண்டு செட்டியார்பட்டிக்குப் போனார். அதற்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லின் நடுவில் குழி விழுந்தது. எந்தக் கத்தியும் அதில் படியவில்லை.

“கல்லுக்கு வயசாயிட்டு,” என்றாள் அம்மா. எல்லோரும் ஆமாம் என்றார்கள்.