சுறாவுக்கு டிக்னா வைத்த ஒப்பாரி

டிக்னா பல்புவேனாவைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள். பேஸ்பாலில் அடித்த பந்து தரையில் உருண்டு போனாலும் உயிரைக் கொடுத்து முதல் பேஸுக்கு ஓடுகிறவன் ஒருவன். எப்படியும் அவுட்தானே என்று நடந்து போகிறவன் இன்னொருவன். இரண்டாமவன் திருடன். ஓடுவதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு நடக்கிறவனைத் திருடன் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வதாம்?

இந்த நியாயத்தையெல்லாம் அவள் அரங்கத்தின் கிழக்கு வாசலில் வாழைக்காய் வறுத்துக்கொண்டே சொல்வாள். சொல்லும்போது எண்ணெய் சொட்டும் கரண்டி வாங்க வந்தவன் மூக்குக்கு நேராக நீளும். டொமினிக்கன் நாட்டில் குளிர்காலம் என்றாலே பேஸ்பால்தான். எங்கள் ஊரில் அது சுறா அணிக்கும் சேவல் அணிக்கும் நடக்கிற பரம்பரைப் பகை. டிக்னா சுறா. எண்ணெய்ச் சட்டிக்கு மேலே கட்டியிருக்கும் குடைகூடச் சுறா நீலம். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஐந்தாவது முடிந்ததும் வாசல் காவலாளிக்கு ரெண்டு துண்டு சலாமி வறுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்த மரக்கடைக்காரர் ஒருவர், நல்ல மனிதர்தான், அவளோடு ஆட்டம் பார்க்கப் போய் ஏழாவது இன்னிங்ஸில் “கூட்டத்துக்கு முன்னால கிளம்பிடலாமா?” என்று கேட்டுவிட்டார். அதோடு சரி. ஏழாவதில் எழுந்து போகிறவன் எனக்கு உடம்புக்கு முடியாதபோதும் எழுந்துதான் போவான் என்று சொல்லிவிட்டாள். கடைசிவரை தனியாகவே இருந்தாள், அதற்காக ஒரு நாளும் வருந்தியவளில்லை.

யாரையும் விட்டுவைக்க மாட்டாள். சுறாவில் உருண்டு வரும் பந்தைத் தடுக்கிற ஷார்ட் ஸ்டாப், கழுத்தில் கிடக்கிற தங்கச் சங்கிலி கனத்தால்தான் குனிய முடியாமல் பந்தை விடுகிறான் என்பாள். முதல் பேஸ்காரன் தலைமுடிக்கு மஞ்சள் சாயம் அடித்த நாளிலிருந்து ஒரு பந்தும் அடிக்கவில்லை, சாயம் மூளைக்குள் இறங்கிவிட்டது என்பாள். மேனேஜருக்குக் கணினியைப் பார்க்கத்தான் தெரியும், மைதானத்தைப் பார்க்கத் தெரியாது. ஆனால் இதே பேச்சை ஒரு சேவல்காரன் பேசினால் கரண்டி பறக்கும். நம் பிள்ளையை நாம் திட்டலாம், அடுத்த வீட்டுக்காரன் திட்டலாமோ?

அமெரிக்க அணிகள் என்றால் அவளுக்கு அடிவயிறு எரியும். மீசை முளைக்குமுன் வந்து பையன்களை அள்ளிக்கொண்டு போகிறார்கள், கை தேறினால் வைத்துக்கொள்கிறார்கள், தேறாவிட்டால் பஸ் டிக்கெட்டோடு திருப்பி அனுப்புகிறார்கள். போனவர்கள் குளிர்காலத்தில் ஊருக்கு வந்து ஆட வேண்டும் என்றாலும் அங்கிருந்து அனுமதி வர வேண்டுமாம். “என் வீட்டுக் கோழி முட்டை போட அடுத்த ஊர்க்காரன் அனுமதி தரணுமா?” என்பாள்.

இறுதித் தொடரில் தோற்ற அணிக்கு மறுநாள் சவ ஊர்வலம் நடத்துவது எங்கள் ஊர் வழக்கம். ஜெயித்தவர்கள் அட்டையில் பெட்டி செய்து, தோற்றவர்களின் கொடியைப் போர்த்தி, தம்போரா மேளம் அடித்துத் தெருத்தெருவாகத் தூக்கிப் போவார்கள். பெட்டிக்குப் பின்னால் கறுப்பு உடுத்த ஒரு ‘விதவை’ செத்துப்போன அணியைச் சொல்லிச் சொல்லி அழ வேண்டும். சுறா ஜெயித்த ஆண்டெல்லாம் விதவை டிக்னாதான். சேவல் அணியில் ஒருவன் பாக்கியில்லாமல் பேர் சொல்லி மாரடித்து அவள் வைக்கிற ஒப்பாரியைக் கேட்கச் சேவல்காரர்களே சன்னலைத் திறந்து வைப்பார்கள். ஊரில் அவளுக்கு இருந்த மரியாதையெல்லாம் அந்த வாயால் வந்ததுதான்.

அந்த ஜனவரியில் ஏழு ஆட்ட இறுதித் தொடர் மூன்றுக்கு மூன்று என்று நின்றது. சனிக்கிழமை கடைசி ஆட்டம். சுறாவுக்குக் கடைசி இன்னிங்ஸில் பந்து போடுகிற பிட்சர் யோவானி, டிக்னா ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திய பிள்ளை. அவள் வறுவலைத் தின்று வளர்ந்தவன். அவனை ஓர் அமெரிக்க அணி எடுத்திருந்தது. வெள்ளிக்கிழமை எண்ணெய்ச் சட்டிக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டபடி, “நாளைக்கு நான்தான் முடிச்சு வைப்பேன், மத்ரீனா” என்று சொல்லிவிட்டுப் போனான். ஞானத்தாயை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

அவன் தலை மறைந்ததும் பக்கத்து மளிகைக் கடை பிரீஹிதோ டோமினோக் கட்டையை மேசையில் படாரென்று அடித்தான். பரம்பரைச் சேவல்காரன். ஆனாலும் ஊராரைப்போல அவளை ‘டோன்யா’ என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவான்.

“டோன்யா டிக்னா, உங்க பிள்ளை வரமாட்டான். அமெரிக்காவுலேர்ந்து போன் வந்தாச்சாம். ஊரே பேசுது.”

“யோவ் பிரீஹிதோ, ஊரு உன் அரிசியில கல்லு இருக்குன்னுந்தான் பேசுது. நான் அதெல்லாம் நம்புறேனா?”

“கோபப்படாதீங்க. வரலேன்னா என்ன செய்வீங்க?”

“அவன் என் பிள்ளைடா! வருவேன்னு சொன்னான், வருவான்.”

“வரலேன்னா?”

டோமினோ ஆடிய நாலு பேரும் கட்டையை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். டிக்னா கரண்டியை நீட்டினாள்.

“அவன் ஓடிப்போயி நாங்க தோத்தோம்னா, உங்க பெட்டிக்குப் பின்னால நானே அழுறேன். என் சுறாவுக்கு நானே ஒப்பாரி வைக்கிறேன். போதுமா?”

சொன்ன வார்த்தை சொன்னதுதான். மறுநாள் கடைசி இன்னிங்ஸில் சுறா ஒரே ஒரு ரன் முன்னால் இருந்தது. அரங்கமே “யோவானி! யோவானி!” என்று கத்தியது. டிக்னா தொண்டை கிழியக் கத்தினாள். பிட்சர்கள் வரும் கதவு திறந்து வேறு ஒருவன் வந்தான், மஞ்சள் முடிக்காரனைவிட மோசமானவன். யோவானி சட்டைக்கு மேல் சட்டை மாட்டிக்கொண்டு ஓரத்துப் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். நடந்தது நடந்தது. சேவல் இரண்டு ரன் எடுத்து முடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர்வலம் கிளம்பியது. பிரீஹிதோ கடைக் குளிர்பெட்டி வந்த அட்டைதான் சவப்பெட்டி. உள்ளே காகிதச் சுறா பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. நேராக டிக்னா வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

“டோன்யா! புருசன் வந்திருக்காரு, பாக்க வரலியா?”

“கதவைப் பூட்டிக்கிட்டுப் படுத்திருக்கும்ப்பா. வாய் அவ்வளவுதான்.”

கதவு திறந்தது. டிக்னா தலையிலிருந்து கால்வரை கறுப்பில் நின்றாள். சிரித்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பெட்டியின் தலைமாட்டுக்குப் போய் நெஞ்சில் ஓங்கி ஒரு அடி அடித்துக்கொண்டாள்.

“போயிட்டியே என் ராசா, போட்டது போட்டபடி போயிட்டியே! சங்கிலி போட்டவன் குனியலியே, சாயம் போட்டவன் அடிக்கலியே! கம்ப்யூட்டர் பொட்டியைப் பாத்த மேனேசரு உன் முகத்தைப் பாக்கலியே!”

மேளம் தானாகத் தாளம் பிடித்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

“டிக்கெட்டு விலைய ஏத்துனானே முதலாளி, உனக்கு டீத்தண்ணி ஊத்துனானா? அட சேவலு பசங்களா, ரொம்பச் சிரிக்காதீங்கடா! குப்பையக் கிளறித் தின்ன பய எல்லாம் கூரையில ஏறிக் கூவுறானே!”

“அம்மாடி!” என்று பிரீஹிதோவே கை தட்டினான். “இன்னும் ஒருத்தன் பாக்கி டோன்யா! ஓடிப்போனவனைச் சொல்லி அழலியே?”

சிரிப்பு மெல்ல அடங்கியது. டிக்னா வாயைத் திறந்தாள். வேலிப்பக்கம், வேப்பமர நிழலில், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு யோவானி நின்றிருந்தான். அவளுக்கு முன்பே நாலு பேர் பார்த்துவிட்டார்கள்.

“நீ இன்னும் போகலியாடா?” பாட்டெல்லாம் போய் வெறும் குரல் வந்தது.

“சாயங்காலம் பிளேன், மத்ரீனா.” அவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். “நான் ஓடலை. ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னாலதான் போன் வந்துச்சு. இன்னும் ஒரே ஒரு பந்து போட்டாலும் ஒப்பந்தம் கிடையாதுன்னுட்டாங்க. கை களைச்சுப் போச்சாம்.”

“உனக்குக் களைச்சுதா?”

“இல்லை.”

“உன் தோளு களைச்சது உனக்குத் தெரியாது, கடலுக்கு அந்தாண்ட உக்காந்திருக்கிறவனுக்குத் தெரியுது! அடப்பாவி, ஊரே உன் பேரச் சொல்லிக் கத்துச்சேடா! நான் உன்னை நம்பி ஊர் முன்னால வாய விட்டேனேடா!” கையை ஓங்கிவிட்டாள். ஓங்கிய கை இறங்கவில்லை. “அவனுங்க நாசமாப் போக! பெத்தது ஒருத்தி, சோறு போட்டது ஒருத்தி, வேணாம்னு சொல்ல மட்டும் அவனுங்க!”

யோவானி அழுதுகொண்டிருந்தான். மறைக்கவும் இல்லை. பிரீஹிதோ கண்ணைக் காட்ட, பெட்டியின் முன்மூலையைப் பிடித்திருந்தவன் விலகினான். யோவானி அந்த இடத்தில் போய்க் குனிந்து, பந்து போடுகிற வலக்கையைப் பெட்டிக்கு அடியில் கொடுத்தான்.

டிக்னா அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தக் கை வேணாம்டா மகனே. அது அவனுங்களோடது, ஏதாவது ஆச்சுன்னா உன்னைக் கேப்பானுங்க. நமக்கு இந்த இடது கை போதும். தூக்கு.”

அவன் கையை மாற்றிக்கொண்டு தூக்கினான்.