முகேஷ் மாற்றிய இன்ஜின்

செல்லூர் தறிக்கூடங்களுக்கு நூல் மூட்டை கொண்டுவந்து இறக்குவதும், நெய்த துணிக்கட்டுகளை ஏற்றிப்போவதும்தான் முகேஷின் பிழைப்பு. வண்டி, அவனுடைய அப்பா ஆண்டிச்சாமி விட்டுப்போனது. பெட்ரோலில் ஓடும் பழைய பிக்கப். மூன்றே கியர். கியர் கம்பி ஸ்டியரிங்கை ஒட்டியே இருக்கும் என்பதால் முன்பக்கம் காலடியில் தாராளமாக இடம் கிடக்கும். ஒரே நீளமான சீட்டில் இந்த ஓரம் முகேஷ், அந்த ஓரம் மனைவி பாண்டிச்செல்வி. நடுவில் தரையில் நின்றுகொண்டு, டாஷ்போர்டைப் பிடித்தபடி வருவாள் மகள் முத்துமீனா. நாலு வயது. உட்காரச் சொன்னால், "ஒக்காந்தா ரோடு தெரியலப்பா" என்பாள்.

வண்டிக்கு இருந்தது ஒரே ஒரு குறை. கோடை வெயிலில் பெட்ரோல் குழாய் சூடேறி, பெட்ரோல் உள்ளேயே ஆவியாகிவிடும். இன்ஜின் இழுத்து இழுத்து நின்றுபோகும். பெட்ரோலை இழுக்கும் பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, அது குளிரும்வரை ரோட்டோரம் காத்திருக்க வேண்டும். முகேஷுக்கு அது பழகிப்போயிருந்தது. நூல் மூட்டைக்கு என்ன அவசரம்?

வைகாசியில் திருவாதவூருக்குத் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். செல்வியின் அண்ணன் மலையாண்டியின் வீடு அங்கே. முதல் நாளே பிள்ளைக்கு மேல் சுட்டது. மருந்து கொடுத்ததும் கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது. மறுநாள் உச்சி வெயிலில் திடீரென்று வலிப்பு வந்துவிட்டது.

மலையாண்டி போனை எடுத்தான். "மாப்ள, 108 ஆம்புலன்ஸுக்கு அடிக்கிறேன்."

"அடிங்க மச்சான். இந்த வெயில்ல வண்டி மக்கர் பண்ணும்" என்றான் முகேஷ்.

செல்வி கேட்கவில்லை. "அது எப்ப வந்து சேர? வாசல்ல வண்டிய வச்சுக்கிட்டு வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறதா? எடுங்க மாமா!"

எடுத்தான். ஒத்தக்கடைக்கு முன்னால், பக்கத்தில் ஒரு வீடுகூட இல்லாத இடத்தில், வண்டி நின்றது.

பிள்ளைக்கென்று கொண்டுவந்திருந்த தண்ணீரையெல்லாம் பம்ப் மேல் கொட்டினான். செல்வி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடுரோட்டில் நின்று வருகிற வண்டியையெல்லாம் மறித்தாள். கடைசியில் ஒரு கார் நின்றது. அதில் ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது. அவள் பிள்ளையோடு ஏறிப்போனாள். முகேஷ் யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு மதுரைக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஆஸ்பத்திரி வராண்டாவில் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தாள் செல்வி. மடியில் பிள்ளை இல்லை.

"கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பொழைச்சிருக்குமா சார்?" என்று டாக்டரிடம் கேட்டான் முகேஷ்.

"சொல்ல முடியாதுப்பா. மூளைக்காய்ச்சல். சொல்ல முடியாது" என்றார் அவர்.

அந்தப் பதிலோடுதான் இருவரும் வீடு திரும்பினார்கள்.

வண்டியைக் கட்டி இழுத்துவந்து சந்தில் நிறுத்தினார்கள். அதன்பின் முகேஷ் அதைத் தொடவில்லை. மற்றவர்களுடைய வண்டிகளுக்கு ஆக்டிங் டிரைவராகப் போனான். செல்வி பக்கத்துத் தறிக்கூடத்தில் நூல் சுற்றப் போனாள். வீட்டில் சோறு ஆக்கினாள், அவன் சாப்பிட்டான். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. அழுகிற சத்தம்கூட அந்த வீட்டிலிருந்து வெளியே கேட்கவில்லை என்று சந்தில் பேசிக்கொண்டார்கள்.

மழைக்காலம் முடிந்தபிறகு ஒருநாள், லேத் பட்டறை வைத்திருக்கும் பீமாராவிடம் போய் நின்றான் முகேஷ். பழைய வண்டிகளை உடைக்கிற இடத்தில் ஒரு ஜீப்பின் டீசல் இன்ஜினைப் பார்த்து வைத்திருந்தான். கூடவே அதன் ஐந்து கியர் பெட்டியும் இருந்தது. டீசலுக்கு அந்த ஆவித் தொல்லை கிடையாது; இரண்டையும் தன் வண்டியில் மாட்ட வேண்டும் என்றான்.

பீமாராவ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, ஒன் வண்டிய எடைக்குப் போட்டுட்டு ஓடுற டீசல் வண்டியா ஒண்ணு பாத்துக்கலாம்ல. ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கணும், சேஸிஸ வெட்டி ஒட்டணும். எதுக்கு இம்புட்டு மெனக்கெடுற?"

"இதுதாண்ணே ஓடணும்."

பீமாராவ் அதற்குமேல் கேட்கவில்லை. அனுமதி வந்ததும் பட்டறையின் பின்பக்கம் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

பழைய இன்ஜினைச் சங்கிலி போட்டுத் தூக்கிய அன்று சோற்று வாளியோடு வந்தாள் செல்வி. இன்ஜின் அந்தரத்தில் ஆடி ஆடி ஒருபக்கமாகத் திரும்பியது. முகேஷ் ஒற்றை ஆளாகத் தள்ளாடுவதைப் பார்த்து, வாளியைக் கீழே வைத்துவிட்டு மறுபக்கம் போய்ப் பிடித்தாள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளிலும், வேலை முடிந்த சாயங்காலங்களிலும் அவளும் வந்தாள். இருவரும் பேச ஆரம்பித்தார்கள்.

"பதினேழு ஸ்பேனர எடு செல்வி."

"இதுவா?"

"அதேதான். லைட்ட இந்தப் பக்கம் காட்டு."

அடிச்சட்டமான சேஸிஸில் இன்ஜின் உட்காரும் தாங்கிகளைப் புதிதாக வெட்டி வெல்டிங் வைத்தார்கள். கியர் பெட்டி நீளமாக இருந்ததால், பின்சக்கரத்துக்குச் சுற்றைக் கொண்டுபோகும் தண்டைப் பீமாராவ் லேத்தில் வெட்டிக் குறைத்தார். பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி அலசிக் கழுவியது செல்விதான். கையெல்லாம் கிரீஸோடு டீ குடிக்கும் அவளைப் பார்த்து, "முகேசு, ஒன் பொண்டாட்டிய எனக்கு வேலைக்கு விட்ருப்பா" என்றார் பீமாராவ். அவள் லேசாகச் சிரித்தாள். பிள்ளை போனபின் அவள் சிரித்து முகேஷ் பார்த்தது அப்போதுதான். இது போதும், இப்படியே சரியாகிவிடும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

புது கியர் கம்பி தரையிலிருந்து மேலே வரவேண்டும். அதற்குத் தரைத்தகட்டில் ஓட்டை போட வேண்டும். முகேஷ் அளந்து, சாக்பீஸால் வட்டம் போட்டான். போட்ட பிறகுதான் அது எந்த இடம் என்று இருவருக்கும் உறைத்தது. சீட்டுக்கு முன்னால், சரியாக நடுவில். முத்துமீனா நின்று நின்று பெயிண்ட் தேய்ந்து தகடு வெளுத்திருந்தது.

கட்டிங் மெஷினை எடுத்தவன் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வெட்டுங்க மாமா" என்றாள் செல்வி. அவன் கை நகரவில்லை. அவளே மெஷினை வாங்கிப் பீமாராவிடம் கொடுத்தாள். "அண்ணே, நீங்க வெட்டிருங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் வழக்கம்போல வந்தாள். வந்ததும் லைட்டை எடுத்துப் பிடித்தாள்.

பங்குனிக் கடைசியில் வேலை முடிந்தது. டீசல் குழாயில் அடைத்திருந்த காற்று போகும்வரை முகேஷ் கையால் பம்ப் அடித்தான். செல்வி சாவியைத் திருப்பினாள். இரண்டு தடவை உறுமி அடங்கிய இன்ஜின், மூன்றாவது தடவை கரும்புகையைக் கக்கிக்கொண்டு பிடித்தது. பீமாராவ் பட்டறையில் எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார்.

"வா, ஒரு ரவுண்டு போய்ட்டு வருவோம்" என்றான் முகேஷ்.

ஒத்தக்கடையைத் தாண்டித் திருவாதவூர் ரோட்டில் அவன் திருப்பியபோதுதான் எங்கே போகிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. உச்சி வெயில். வண்டி ஒரே சீராகப் போனது. அந்த இடம் வந்ததும் ஓரங்கட்டினான். இன்ஜினை அணைக்கவில்லை.

"நிக்கலைல செல்வி? இம்புட்டு வெயில்லயும் நிக்கல பாரு." அவன் முகமெல்லாம் வேர்த்திருந்தது. "இனி நிக்காது."

"இனி யாரத் தூக்கிட்டு ஓடப் போறோம் மாமா?"

அவன் சட்டைக்கையால் வேர்வையைத் துடைத்தான்.

"அன்னைக்கு 108 வேணாம்னு சொன்னது யாரு?" என்று கேட்டாள் அவள்.

"விடு செல்வி. எல்லாம் அந்த இன்ஜினால வந்தது. அது ஒழுங்கா ஓடியிருந்தா…"

"அத அவுத்துப் போட்டாச்சு. என்னைய என்ன செய்யப் போறீங்க?" அவள் அவன் பக்கம் திரும்பினாள். "ஏண்டி அப்பிடிச் சொன்னன்னு ஒரு தடவ கேட்டிருக்கலாம்ல? அடிச்சிருந்தாக்கூட வாங்கியிருப்பேன். ஒரு வார்த்த சொல்லாம அந்த இரும்போட மல்லுக்கட்டுனீங்க. பக்கத்துல நின்னு லைட்டப் பிடிச்சுக்கிட்டு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். எம்மேல பழி விழக்கூடாதுன்னு எனக்காகத்தான் செய்றீங்கன்னு தெரியும். அதத்தான் தாங்க முடியல."

முகேஷ் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்தான். "ஒன்னைய எப்பிடிக் கேப்பேன்? நீ பெத்தவ, பதறிச் சொன்ன. வண்டி நிக்கும்னு தெரிஞ்சே எடுத்தவன் நான்தான?"

இருவரும் அழுதார்கள். தனித்தனியாக, ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. வெகுநேரம் கழித்து அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இம்புட்டு நாளும் ஸ்பேனர எடு, போல்ட்டப் பிடின்னு பேச இருந்துச்சு. இனி வீட்டுக்குப் போயி எதப் பேசுவோம்? என்னைய அண்ணன் வீட்ல விட்ருங்க மாமா."

மாற்றுச்சேலை இல்லை, கையில் ஒரு பைகூட இல்லை. ஆனாலும் அவன் மறுக்கவில்லை. கியரைப் போட்டு வண்டியைத் திருவாதவூருக்கே விட்டான்.

மலையாண்டி எவ்வளவோ பேசிப் பார்த்தான். தங்கையிடம் கத்தினான், முகேஷிடம் கெஞ்சினான். "நீங்களாச்சும் அதட்டிக் கூட்டிட்டுப் போங்க மாப்ள." முகேஷுக்கு அதட்டத் தெரியவில்லை. அடுத்த வாரம் அவளுடைய துணிமணிகளை மடித்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தான்.

இப்போது செல்வி மேலூரில் ஒரு தையல் கம்பெனிக்குப் போய் வருகிறாள். அந்தப் பக்கம் லோடு கிடைக்கிற நாட்களில் முகேஷ் போகிறான். "சாப்பிட்டுப் போங்க" என்பாள். உட்கார்ந்து சாப்பிடுவான். தறிக்கூடத்தில் யாருக்குக் கல்யாணம், பீமாராவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா என்று கேட்பாள், சொல்லுவான். பிள்ளையின் பேச்சு மட்டும் வராது. ஒருதடவை வாசலில் தயங்கி நின்றவனிடம் அவளே சொன்னாள்:

"கூப்புடாதீங்க மாமா. நீங்க கூப்புட்டா மறுக்க முடியாம வந்துருவேன். வரத் தோணுனா நானே பஸ் ஏறி வாரேன்."

"சரி செல்வி."

அவன் கூப்பிடவில்லை. அவளும் இதுவரை வரவில்லை. செல்லூரில் யாராவது, "சம்சாரம் எப்பப்பா வருது?" என்று கேட்டால், "வருவாண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு, துணிக்கட்டுகளின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டத் தொடங்கிவிடுகிறான்.